காற்றில் அளந்த தகடு

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பழைய பதிவேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் யாமினி என்ற இளம் பொறியாளர் சென்ற மாதம் எனக்கு ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பினார். என் கையெழுத்துதான். நீல மசி, ஓடுகிற எழுத்து. “ஷாட் 412 முதல் 460 வரை:” என்று ஒரு வரி தொடங்குகிறது. முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பக்கத்தின் மீதி காலி.

“சார், இந்த வரியில என்ன எழுத வந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா? இந்த ஷாட்டுகளோட போலோமீட்டர் அளவு மட்டும் அதுக்கப்புறம் வந்த எதோடவும் ஒட்டவே மாட்டேங்குது” என்று கேட்டிருந்தார். கூடவே இன்னொரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் கட்டுரை தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: இனிய நினைவுகள்.

ஞாபகம் இருக்கிறது. இனிப்பாக இல்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

என் ஊர் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம். நைனா, என் அப்பா, ஏரியிலும் கடலிலும் மீன்பிடித் தொழில் செய்தவர். அண்ணன் தேசப்பன் ஏழாவதோடு வலைக்குப் போனான். நான் நின்ற இடத்தில் நிற்காதவன். வலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் படகில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அதனால் படிக்க அனுப்பினார்கள். பொன்னேரியில் பள்ளி, மெட்ராஸில் இயற்பியல் பட்டம், எழுபதுகளின் கடைசியில் நகரத்தின் வட ஓரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அறிவியல் உதவியாளர் வேலை. படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சூரியனுக்குள் நடப்பதைத் தரையில், ஓர் உலோக வளையத்துக்குள் நடத்திப் பார்ப்பதுதான் அங்கே வேலை. எங்களுடையது சின்ன வளையம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, துளி ஹைட்ரஜனை விட்டு, பெரிய மின்னோட்டத்தைப் பாய்ச்சினால் அது பிளாஸ்மாவாகி ஒளிரும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பெயர் ஒரு ஷாட். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம் மின்தேக்கிகள் நிரம்பக் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் என் வாழ்க்கையிலேயே பெரிய தண்டனை.

உள்ளே செலுத்திய வெப்பம் எங்கே போகிறது என்பது எங்கள் கேள்வி. அதில் ஒரு பங்கு ஒளியாக வெளியேறிவிடும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒளி. வெசல் என்று நாங்கள் சொல்லும் அந்த வளையக் கலத்தின் உட்சுவர் அழுக்காக இருந்தால், அந்த அழுக்கு பிளாஸ்மாவில் கலந்து, இருக்கும் வெப்பத்தையெல்லாம் ஒளியாக வாரி இறைத்துவிடும். பிளாஸ்மா குளிர்ந்து செத்துப்போகும். அப்படி ஒளியாகப் போகும் மொத்த சக்தியையும் அளக்கும் கருவிதான் போலோமீட்டர். அது என் பொறுப்பு.

பெயர்தான் பெரிசு. உள்ளே இருப்பது தபால் தலையில் பாதி அளவுக்கு ஒரு தங்கத் தகடு. மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பிளாஸ்மாவின் ஒளி ஒரு சிறு துளை வழியாக வந்து அதன் மேல் விழும். தகடு ஒரு டிகிரியில் ஏதோ ஒரு பங்கு சூடாகும். சூடானால் அதன் மின்தடை கூடும். அந்தக் கூடுதல் ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு மேடு போலத் தெரியும். திரையைப் புகைப்படம் எடுத்துக்கொள்வோம். பக்கத்திலேயே அதே போல இன்னொரு தகடு, ஒளி படாமல் மூடி வைத்தது. அதைக் குருட்டுத் தகடு என்போம். சுற்றிலும் இருக்கும் காந்தச் சுருள்களின் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது ஒளி மட்டும்.

தகட்டைப் பொருத்தும்போது மூச்சுக்காற்று படக்கூடாது. இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். நாலு திருகையும் ஒரே நேரத்தில் முறுக்க முடியாது என்பதால் கால் திருப்பு, எதிர்மூலையில் கால் திருப்பு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். அவசரப்பட்டு முதல் மாதத்தில் ஏழு தகடுகளைக் கிழித்தேன். எட்டாவது நின்றது. அதன் பிறகு அந்தக் கூடத்தில் என்னை விட்டால் வேறு ஆளில்லை என்று எனக்கே ஓர் எண்ணம் வந்துவிட்டது.

பொருத்தினால் மட்டும் போதாது. எவ்வளவு சக்தி விழுந்தால் தகடு எவ்வளவு சூடாகும் என்று ஓர் எண் வேண்டும். அந்தச் சூடு எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று இன்னோர் எண் வேண்டும். தகட்டின் வழியே அளவான மின்சாரத்தைச் செலுத்திச் சூடாக்கி இவற்றை எடுப்போம். இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் திரையில் தெரியும் மேட்டைச் சக்தியாக மாற்றுவோம். எண்கள் தப்பானால் பின்னால் வரும் அத்தனையும் தப்பு.

எங்கள் தலைவர் டாக்டர் கோதண்டம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மேசை மேல் ஒரு பித்தளைக் கவராயம் இருக்கும். புகைப்படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் அதன் ஓரங்களை மேசையின் ஓரத்தோடு நேராக வைப்பார். பிறகு கவராயத்தின் இரண்டு கால்களையும் மேட்டின் அடியிலும் உச்சியிலும் ஊன்றி, அப்படியே எடுத்து அளவுகோலில் வைப்பார். பிறகு ஒரே கேள்வி: “பிழை எவ்வளவு?” நூற்றில் பத்து என்றால் தலையசைப்பார். தெரியாது என்றால் புகைப்படம் நம் பக்கம் திரும்பி வந்துவிடும். நல்லது என்ற சொல்லை அவர் செலவழித்ததில்லை. அதனாலேயே எல்லோரும் அதற்குத் தவம் கிடந்தோம்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. “எதுவா இருந்தாலும் முதல்ல வாயால சொல்லு, அப்புறம் பதிவேட்டுல எழுது” என்பார். ஒழுங்குக்காகச் சொல்கிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்சுதீன் என் மூலமாக வந்தவர். பழவேற்காட்டுக்காரர், என்னைவிட ஆறு வயது பெரியவர். ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம். அவர் காலத்தில் மிச்சம் இருந்தது உயரமான கதவு மட்டும்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் வேலை கற்றவர். காலை முதல் பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவே பொன்னேரி வரை நின்றுகொண்டே போவோம், அங்கிருந்து ரயில். எங்கள் வெற்றிடப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டபோது நான்தான் டாக்டரிடம் சொன்னேன். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம், அதன் பிறகு நிரந்தரம் என்று எடுத்தார்கள்.

கலத்துக்குள் காற்றே இல்லாமல் வைத்திருப்பது அவர் வேலை. இணைப்பு வளையங்களைக் கையுறை போட்டுத்தான் தொடுவார். கலத்தை நாள் கணக்கில் சூடாக்கி, சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கக்க வைப்பார். அழுத்தமானியின் அளவை மணிக்கொரு முறை எழுதுவார். கூடத்தில் சிலர் எங்கள் இருவரையும் பார்த்து மூக்கைச் சுளிப்பது போல ஜாடை காட்டுவார்கள். “பஸ்ல என்ன மீனுப்பா இன்னிக்கு?” என்று எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஒருவர் தினமும் கேட்பார். சம்சு பாய் முகம் மாறாமல், “சங்கரா. உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன் சார், பம்புக்குள்ள இருக்கு, கைய வுட்டு எடுத்துக்கங்க” என்பார்.

அவருடைய தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது எங்கள் பிளாஸ்மா சாகத் தொடங்கியது.

அதற்கு முன்னால் கலத்தைத் திறந்து சில சுருள்களை மாற்றியிருந்தோம். மூடிவிட்டு மறுபடி ஓட்டினால், முன்பு நின்ற நேரத்தில் பாதி கூட நிற்கவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அடுத்த பெரிய வளையத்துக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “எவ்வளவு ஒளியா போகுது? எனக்கு எண் வேணும்.”

என்னிடம் கேட்டுவிட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை. புதுத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். காலிபரேஷன் செய்ய வேண்டும். அதைச் சின்ன சேம்பர் ஒன்றில், காற்றை எடுத்துவிட்டுச் செய்வதுதான் முறை. அன்று சனிக்கிழமை. சேம்பரில் வேறொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது.

“புதங்கெழம முடியும். வியாழக்கெழம காலைல உனக்குத்தான். புடிச்சு வெக்கிறேன்” என்றார் சம்சு பாய்.

“வியாழனா? அஞ்சு நாள் இன்னா பண்றது பாய்?”

“டீ குடி. ஊருக்குப் போய் தூங்கு. குழு வர்றதுக்கு இன்னும் நாள் கெடக்குது.”

“மேசை மேலயே வச்சு எடுத்துடறேன். தகடு தகடுதானே.”

“காத்துல வெச்சு எடுப்பியா?” என்று ஒரு தரம் கேட்டார். நான் அதற்குள் மின்கம்பியை எடுக்கப் போய்விட்டேன்.

செய்த தப்பு இதுதான். மேசை மேல் காற்றில் இருக்கும் தகட்டைச் சூடாக்கினால், சுற்றியுள்ள காற்று அந்தச் சூட்டில் பெரும்பங்கைத் தின்றுவிடும். தகடு கொஞ்சம்தான் சூடாகும். ஆனால் கலத்துக்குள் காற்று இல்லை. அங்கே அதே சக்திக்குத் தகடு நிறையச் சூடாகும். எவ்வளவு சூடாகும் என்ற எண்ணை நான் காற்றில் எடுத்தேன். எவ்வளவு நேரத்தில் ஆறும் என்ற எண்ணைக் கலத்துக்குள், வெற்றிடத்தில், ஷாட்டின் வாலிலிருந்து, அதாவது மேடு இறங்கும் பகுதியிலிருந்து, எடுத்தேன். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டேன். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வரும் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். அவர்கள் பயந்து பயந்து வரிசைப்படி செய்வார்கள். கை பழகியவன்தான் செய்வான்.

412ஆம் ஷாட்டில் தொடங்கினோம். கொடுத்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒளியாகப் போகிறது என்று கணக்கு வந்தது. ஷாட்டுக்கு ஷாட் அதே கதை. கலம் அழுக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. புகைப்படங்களை எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். டாக்டர் கவராயத்தை வைத்து அளந்தார். “பிழை எவ்வளவு?” “நூத்துல பத்து சார். தகடு பொய் சொல்லாது.” அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “நல்லது” என்றார். முதல் தடவை.

அந்தப் படங்களுக்குள் ஒன்று இருந்தது, 431. அதில் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து வந்தது. கொடுத்ததைவிட வெளியே வந்தது அதிகம். அப்படி நடக்காது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவர் கவராயத்தை மடக்கி வைத்துவிட்டு, “இது இரைச்சல்” என்றார். நான் பதிவேட்டில் 431க்கு நேராக இரைச்சல் என்று எழுதினேன். எங்கள் இருவரையும் காப்பாற்ற வந்த ஒரே ஷாட் அது. அதை நாங்கள் சேர்ந்து ஒதுக்கினோம்.

திங்கட்கிழமை கூட்டம். எல்லாப் பிரிவும் இருந்தது. டாக்டர் என் எண்களைக் கரும்பலகையில் எழுதினார். சம்சு பாய் தன் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“சார், கேஜ் ரீடிங் பாருங்க. தொறக்கறதுக்கு முன்னாடி இருந்ததவிட இப்ப நல்லாவே இருக்கு. வெசல் சுத்தம் சார்.”

“கேஜ் ஒரு இடத்துல இருக்கு. சுவர் முழுக்க அது பார்க்காது” என்றார் டாக்டர், அதே தணிந்த குரலில். “தகடு பார்க்குது. தகடு பொய் சொல்லாது.”

என் வாக்கியம். பின்வரிசையில் யாரோ, “மீன் கை பட்டிருக்கும்” என்றார். சிரிப்பு எழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. சம்சு பாய் திரும்பி என்னைப் பார்த்தார். காற்றில் எடுத்தது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் அதை அங்கே சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அதுதான் உண்மை. நான் என் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழு வந்தது. பிளாஸ்மா நிற்காததற்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, வெற்றிடப் பிரிவின் கவனக்குறைவு, நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று டாக்டர் அவர்களிடம் சொன்னார். காரணம் தெரிந்தவரிடம் பெரிய வளையத்தைக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒரு மாதத்தில் சம்சு பாய்க்கு ஒரு காகிதம் வந்தது. தகுதிகாண் காலம் திருப்தியாக இல்லை, பணி உறுதி செய்யப்படவில்லை. இரண்டே வரி.

அவர் போன பிறகு சின்ன சேம்பர் சும்மா கிடந்தது. எனக்குக் கை அரித்தது, அவ்வளவுதான். மனசாட்சி என்று சொன்னால் பொய். மிச்சம் இருந்த ஒரு தகட்டை உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்று போனேன். பம்பின் சுவிட்சுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சம்சு பாயின் குண்டு எழுத்து: “வியாழன். எத்திராஜ். யாரும் தொட வேண்டாம்.” என் பெயருக்கு ஒட்டியதைக் கிழிக்காமல் விட்டிருந்தார்.

காற்றை எடுத்துவிட்டுத் தகட்டைச் சூடாக்கினேன். திரையில் மேடு எழுந்தது, நின்றது, நான் மேசை மேல் எடுத்ததைவிட இரண்டேகால் மடங்கு உயரத்தில். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே உயரம். தொண்ணூறு என்று நான் கொடுத்த எண் உண்மையில் நாற்பது. நாற்பது என்றால் அழுக்குக் கலம் இல்லை. எங்களைப் போன்ற வளையத்துக்கு அது நல்ல கலம்.

நேரே டாக்டரிடம் போய் வாயால் சொன்னேன், அவர் சொல்லிக்கொடுத்தபடி.

“பிழை எவ்வளவு?” என்றார்.

“ரெண்டேகால் மடங்கு சார்.”

பேனாவின் மூடியைப் போட்டார். “பதிவேட்டுல எழுதிட்டியா?”

“இன்னும் இல்ல சார்.”

“எழுத வேண்டாம். ஆய்வுக் கட்டுரைல பிழைக்கோட்டைக் கொஞ்சம் நீளமா போட்டுடலாம். யாரும் கேட்க மாட்டாங்க.” ஓர் அளவு எவ்வளவு தப்பலாம் என்று வரைபடத்தில் காட்டும் கோடு அது.

“சம்சுதீன் விஷயம் சார்?”

“அது நிர்வாகம். இயற்பியல் இல்ல.” பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, “அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருக்கு, இல்லையா?” என்றார். மிரட்டலே இல்லாத குரல். தேதியை நினைவுபடுத்துகிறவர் போலத்தான் கேட்டார்.

பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் பிளாஸ்மாவின் கோளாறு சரியாகிவிட்டது. மாற்றிய சுருள்களுக்கு மின்சாரம் போகும் நேரம் தாமதமாக வைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்மா வெளிப்பக்கம் நகர்ந்து சுவரில் இடித்துச் செத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் டாக்டர் கோதண்டம்தான். திருத்திய அன்றே பிளாஸ்மா பழையபடி நின்றது. அவருக்கு யாரும் காகிதம் அனுப்பவில்லை.

எங்கள் குப்பத்தில் இறால் பிடிக்கும் இடங்களை ஏரியில் பிரித்து வைத்திருப்போம். பாடு என்று பெயர். தலைக்கட்டு உள்ள, அதாவது ஊர்க் கணக்கில் பெயர் உள்ள, ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து நாள் வரும். என் முறை நாளில் என் பாட்டில் இன்னொருவன் வலை கட்டினான் என்று ஒருவன் ஊர்க்கூட்டத்தில் சொல்லி, அது பொய்யாகவோ தப்பாகவோ போனால் அதற்கு ஓர் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. சொன்னவன் சொன்ன இடத்திலேயே நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். தன் அடுத்த முறையைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். நம் வீட்டின் அடுத்த முறையைச் சம்சு பாய்க்கு விட்டுவிடலாம் என்றேன். பெரிய தியாகம் செய்கிற முகத்தோடுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. “அவருக்குத் தலக்கட்டு இல்ல. நம்ம பாட்டுல அவரு வல கட்ட முடியாது. அது தெரிஞ்சுதான் குடுக்கறியா?”

“வேற இன்னா பண்றதுனு தெரில.”

“தப்பு பண்ணது நீ, மெட்ராஸ்ல. மொற வுடறது நானு, ஏரில. நல்லாகீதுடா உன் படிப்பு.” பிறகு, “எங்க சொன்னியோ அங்க போய் நில்லு. அத வுட்டுட்டு என் வலய எடுத்துக் குடுக்க வந்துட்ட” என்றான்.

அன்று மாலையே பழவேற்காட்டுக்கு நடந்தேன். சம்சு பாய் ஐஸ் ஃபாக்டரியில் இருந்தார். இறால் வியாபாரம் சூடுபிடித்த காலம். அம்மோனியா கம்ப்ரஸர்களுக்குப் பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. என் தப்பை நான் கத்திச் சொன்னேன்.

“ரெண்டேகாலா?” என்றார். “நான் ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்.”

“கூட்டத்துல ஏன் பாய் சொல்லல?”

“நான் சொன்னா சாக்குனு சொல்வாங்க. நீ சொன்னா கணக்குனு சொல்வாங்க.” எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். “நடந்தது நடந்துச்சு. எனக்கு ஒண்ணு பண்ணு. தெக்க ஒரு கூடத்துல வேக்குவத்துக்கு ஆள் எடுக்கறாங்க. ஏன் உறுதி பண்ணலனு நம்ம ஆபீஸ்ல கேப்பாங்க. உன் பதிவேட்டுல ஒரு வரி எழுது. அளவு தப்பு, வெசல் சுத்தம்னு. அந்தப் பக்கத்த நான் காட்டிக்கறேன். ஒரே வரிப்பா. வேற ஒண்ணும் கேக்கல.”

“நாளைக்கே எழுதறேன் பாய்.”

மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்தேன். “ஷாட் 412 முதல் 460 வரை:” என்று எழுதினேன். வெளி வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என் அறைக்குள் வரக்கூட இல்லை, கடந்து போனார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். நேர்காணல் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். ஐந்து நாள் காத்திருக்க முடியாதவன், அன்றைக்கு மட்டும் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

நேர்காணல் முடிந்தது. பதவி உயர்வு வந்தது. ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது, மூன்றாவது பெயர் என்னுடையது, பிழைக்கோடுகள் நீளமாக இருந்தன, யாரும் கேட்கவில்லை. தெற்கே வேறு ஆளை எடுத்தார்கள். முதல் பஸ்ஸை விட்டுவிட்டு நான் இரண்டாவது பஸ்ஸில் போகத் தொடங்கினேன். ஐஸ் ஃபாக்டரி வழியாகத்தான் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். காலை ஷிப்ட் உள்ளே போன பிறகு அந்த இடத்தைக் கடப்பேன். பிறகு எத்தனையோ தகடுகள் பொருத்தினேன், பெரிய வளையத்திலும் வேலை பார்த்தேன். ஒவ்வொரு காலிபரேஷனையும் வெற்றிடத்தில்தான் செய்தேன். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டியதில்லை.

யாமினிக்குப் பதில் எழுதினேன். காற்றில் எடுத்தது, இரண்டேகாலால் வகுத்துக்கொள்ளுங்கள், கலம் சுத்தமாக இருந்தது, பொறுப்பில் இருந்தவர் பெயர் சம்சுதீன், அதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மறுநாளே பதில் வந்தது. பழைய பக்கங்களில் எதையும் சேர்க்க முடியாதாம். குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதில் கொஞ்சம் எழுத்துதான் பிடிக்கும். “காலிபரேஷன்: காற்றில், இயக்கியவர் சொன்னபடி” என்று போட்டிருப்பதாகச் சொன்னார். “அந்த இன்னொருத்தர் பெயருக்கு அதுல இடம் இல்ல சார், மன்னிச்சுக்கங்க.” அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு முழுப் பக்கம் இடம் இருந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையில் அந்த வரியை முடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். எழுதி எடுத்துக்கொண்டு சென்ற வெள்ளிக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். சம்சு பாய்க்குக் காது போய்விட்டது. கம்ப்ரஸர்கள் தின்றுவிட்டன. உயரமான அந்தக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். மகள் அவர் காதருகே குனிந்து, “கோட்டகுப்பத்துலேந்து எத்திராஜ் வந்திருக்காங்க வாப்பா” என்றாள். அவர் தலையாட்டினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் எழுதியிருந்தது இதுதான்:

“ஷாட் 412 முதல் 460 வரை: போலோமீட்டர் அளவு தவறு. தகட்டைக் காற்றில் வைத்து அளந்தவன் நான். கலம் சுத்தமாக இருந்தது. அழுத்தம் பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு டார். வெற்றிடப் பொறுப்பு சம்சுதீன். எத்திராஜ்.”

இரண்டு முறை படித்தார். மகளிடம் கை நீட்டிப் பேனா வாங்கினார். ஆறை அடித்துவிட்டு மேலே ஏழு என்று எழுதினார். அதே குண்டு எழுத்து.

“ஏழு” என்றார், காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில். “நான் வெச்சிருந்தது மைனஸ் ஏழு. இப்பவும் பத்து மடங்கு அழுக்குனு எழுதிக்கினு வந்திருக்க.”

தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.